பூனைக்குப் பல் விழுவது வயதாலா, நோயாலா?

வீட்டைப் பெருக்கும்போது தரையில் பூனையின் பல் ஒன்று கிடைத்தால், முதலில் அதன் வயதை நினைத்துப் பாருங்கள். நாலு மாதத்துக்கும் ஏழு மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டி என்றால் சந்தோஷப்படலாம். பால் பல் விழுந்து நிலைப்பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வயதைத் தாண்டிய பூனை என்றால் சும்மா இருக்கக் கூடாது.

“வயசாயிடுச்சு, பல்லு கொட்டுது” என்று பூனை வளர்ப்பவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வயதானதால் மட்டும் எந்தப் பூனைக்கும் பல் விழுவதில்லை. ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் பதினைந்து வயதுப் பூனையின் பல்லும் உறுதியாகவே நிற்கும். வளர்ந்த பூனையின் பல் தானாக விழுந்தது என்றால், ஒன்று அடிபட்டிருக்க வேண்டும், இல்லையேல் அந்தப் பல்லைச் சுற்றி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், ஒரு நோய் வளர்ந்து வந்திருக்க வேண்டும். பல் போன பிறகு பூனை நன்றாகவே வாழும். போவதற்கு முன்னால் அது சத்தமில்லாமல் படும் வேதனைதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். அந்த வேதனையை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவத்தான் இதை எழுதுகிறேன்.

பால் பல்லும் நிலைப்பல்லும்

பூனைக்குட்டி பல் இல்லாமல் பிறக்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் முன்பற்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் 26 பால் பற்களும் வந்துவிடும். பால் குடிக்க வரும் குட்டியைத் தாய்ப்பூனை எழுந்து உதறிவிட்டுப் போகத் தொடங்குவதும் இந்தக் கட்டத்தில்தான். மூன்றரை, நாலு மாதத்தில் முன்பற்கள் ஆட ஆரம்பிக்கும். ஏழு மாதம் முடியும்போது வாயில் 30 நிலைப்பற்கள் இருக்க வேண்டும். விழும் பால் பற்களில் பெரும்பாலானவற்றைக் குட்டி சாப்பாட்டோடு விழுங்கிவிடும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஈறு லேசாகச் சிவந்திருப்பதும், பொம்மையைக் கடித்த இடத்தில் துளி ரத்தம் தெரிவதும் இந்த வயதில் சகஜம்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கோரைப்பல் விழாமலே புதுக் கோரைப்பல் அதன் பக்கத்தில் முளைத்து, ஒரே இடத்தில் இரண்டு பற்கள் நிற்கலாம். ஏழு மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் இடுக்கில் உணவு சேரும், புதுப்பல்லும் கோணலாகிவிடும். கருத்தடை அறுவைக்கு எப்படியும் மயக்க மருந்து கொடுப்பார்கள். அதே சமயத்தில் அந்தப் பால் பல்லையும் எடுத்துவிடச் சொன்னால் ஒரே மயக்கத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

அந்த 30 பற்களில் மேல் தாடையில் 16, கீழ் தாடையில் 14. முன்னால் இருக்கும் 12 வெட்டுப்பற்கள் அரிசியைவிடச் சிறியவை. அவற்றின் முக்கிய வேலை ரோமத்தைக் கோதுவதும் தெள்ளுப்பூச்சியைப் பிடிப்பதும். நாலு கோரைப்பற்கள் இரையைப் பிடிக்க. பின்னால் இருப்பவை 14. இவற்றில் மேல் தாடையின் பெரிய முன்கடைவாய்ப்பல்லும் அதற்கு நேர் கீழே இருக்கும் கடைவாய்ப்பல்லும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளாக வேலை செய்கின்றன. பூனை கறித்துண்டைச் சாப்பிடும்போது தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பது, கறியை அந்த வெட்டும் இடத்துக்குக் கொண்டுபோவதற்காக.

நம் கடைவாய்ப்பற்கள் அரைப்பதற்கானவை. பூனையின் தாடை மேலும் கீழுமாகத்தான் அசையும், மாட்டைப் போலப் பக்கவாட்டில் அசைபோடாது. ஆகவே பூனை எதையும் மென்று கூழாக்குவதில்லை. வெட்டும், விழுங்கும். தொண்டைக்குள் போகிற அளவில் துண்டு இருந்தால் வெட்டவும் செய்யாது, அப்படியே விழுங்கிவிடும். பல் இல்லாத பூனை எப்படிச் சாப்பிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

நமக்கு வரும் சொத்தைப் பல் பூனைக்கு வருவதில்லை என்றே சொல்லலாம். நம் கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பில் பள்ளங்கள் உண்டு, அங்கே இனிப்பும் மாவும் தங்கி, கிருமிகள் அதை அமிலமாக்கி, பல் அரித்துப்போகிறது. பூனையின் பல் கூர்மையானது, அப்படிப்பட்ட பள்ளங்கள் அதில் இல்லை. இனிப்பும் அதற்கு வேண்டாத பொருள். இனிப்புச் சுவையை உணரத் தேவையான மரபணு ஒன்று பூனை இனத்தில் செயலிழந்துபோயிருப்பது 2005 இல் கண்டறியப்பட்டது. பூனைக்குச் சர்க்கரை இனிக்காது. அப்படியிருந்தும் பூனையின் பல்லில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை வேறு நோய். அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அதற்கு முன் ஈறு.

ஈறிலிருந்து எலும்புக்கு

சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பான படலம் உருவாகிறது. அது கிருமிகளின் குடியிருப்பு. அந்தப் படலத்தைத் தேய்த்து எடுக்காவிட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியம் போன்ற தாதுக்கள் அதில் படிந்து, சில நாட்களிலேயே அது கெட்டியாகிறது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ நாம் பார்க்கும் பற்காரை இதுதான். படலத்தைத் துணியால் துடைத்தே எடுத்துவிடலாம். காரையாகிவிட்டால் கருவி இல்லாமல் வராது.

எச்சில் குழாய் ஒன்று மேல் கடைவாய்ப் பக்கம் கன்னத்தின் உள்ளே திறக்கிறது. அதனால் மேல் பெரிய முன்கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்கத்தில்தான் காரை முதலில் சேரும், அதிகமாகவும் சேரும். பூனையின் உதட்டை ஓரத்தில் விரலால் மெல்லத் தூக்கினால் அந்தப் பல் நேராகத் தெரியும். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிகிறதா பாருங்கள். ஆரோக்கியமான ஈறு வெளிர் இளஞ்சிவப்பு. சில பூனைகளுக்கு ஈறிலேயே கருப்புத் திட்டுகள் உண்டு, ஆரஞ்சு நிறப் பூனைகளுக்கு உதட்டிலும் ஈறிலும் வயதாக ஆகக் கரும்புள்ளிகள் வரும். அவை வெறும் நிறமிதான். தட்டையாக இருக்கும் வரை பயப்பட வேண்டாம்.

சிவப்புக் கோடு தெரிந்தால் அது ஈறு அழற்சி. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்து, வீட்டிலும் தொடர்ந்து தேய்த்துவந்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் அழற்சி ஈறுக்குக் கீழே இறங்கி, பல்லைத் தாடையோடு பிணைத்திருக்கும் நார்களையும் எலும்பையும் கரைக்கத் தொடங்கும். கரைந்த எலும்பு திரும்ப வளராது. வேர் வெளியே தெரியும், பல் ஆடும், கடைசியில் விழும். மூன்று வயதைத் தாண்டிய வீட்டுப் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நோய் ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கிறது. மிக இளம் வயதிலேயே ஈறு கடுமையாகச் சிவந்துபோகும் பூனைகளும் உண்டு.

பெர்சியன் வளர்ப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முகம் சப்பையாக இருப்பதால் தாடை குட்டையாகிவிடுகிறது, ஆனால் பல்லின் எண்ணிக்கை அதே 30 தான். இடம் போதாமல் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டும் திரும்பியும் நிற்கும், இடுக்குகளில் படலம் சேரும். பார்க்க அழகாக இருக்கிறது என்று நாம் விரும்பிய அந்த முகத்துக்கான விலையைப் பூனைதான் கொடுக்கிறது.

பூனையின் உடலே பல்லைக் கரைப்பது

இப்போது அந்த ஓட்டைக்கு வருவோம். பல் கரைதல் நோய் என்று இதைச் சொல்லலாம். பூனைகளுக்கு மிகவும் பரவலாக வரும் நோய்களில் இது ஒன்று. வயது ஏற ஏற இன்னும் அதிகமாகக் காணப்படுகிறது. இருந்தும் பூனை வளர்ப்பவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

பால் பல் விழுவதற்கு முன் அதன் வேரைக் கரைப்பதற்கென்றே உடலில் சில செல்கள் உண்டு. அவை வந்து வேரைக் கரைத்த பிறகுதான் பால் பல் ஆடி விழும். வளர்ந்த பூனையில் அந்தச் செல்கள் வேலை இல்லாமல் அடங்கியிருக்க வேண்டும். இந்த நோயில் அவை மறுபடி கிளம்பி நிலைப்பல்லைத் தின்னத் தொடங்குகின்றன. ஏன் கிளம்புகின்றன என்பதற்கு மருத்துவ உலகில் இன்னும் உறுதியான விடை இல்லை. அதனால் உங்கள் பூனைக்கு இது வந்தால் “நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ” என்று வருந்த வேண்டாம். தினமும் பல் தேய்த்துவிட்ட பூனைக்கும் வருகிறது.

அரிப்பு வேரில் தொடங்கி மேலே ஏறும். வேரோடு நிற்கும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஈறு மட்டத்தைத் தாண்டி மேலே வரும்போது பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள பகுதி, நரம்போடு, வெளியே திறந்துகொள்கிறது. வலி அப்போது உச்சத்தில் இருக்கும். கீழ் தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் முதல் முன்கடைவாய்ப்பல்லில்தான் இது அடிக்கடி முதலில் தென்படும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால், பல்லின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். ஈறு பல்லின் மேல் ஏறி வளர்ந்திருக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் பல் அரித்துப்போன குழியை ஈறுச் சதை வந்து நிரப்பியிருக்கிறது. ஒரு பல்லில் மட்டும் இப்படி ஈறு ஏறியிருந்து, பக்கத்துப் பற்களில் இல்லை என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பூனைக்கே அந்த இடத்தில் கருவி பட்டால் தாடை கடகடவென்று நடுங்கும். விழித்திருக்கும் பூனை தினமும் அந்தப் பல்லோடுதான் சாப்பிடுகிறது.

கடைசியில் பல்லின் மேல்பகுதி ஒடிந்து விழும், அல்லது முழுதும் கரைந்து ஈறு மூடிக்கொள்ளும். சிலருக்குத் தரையில் கிடைப்பது இப்படி ஒடிந்த துண்டுதான். வேர் உள்ளே இருக்கும்.

அடைத்து மூடிச் சரிசெய்ய முடியாதா என்று கேட்கலாம். முன்பு முயன்று பார்த்தார்கள். அடைத்தாலும் அடியில் அரிப்பு நிற்காது என்பதால் கைவிட்டார்கள். எடுப்பதுதான் சிகிச்சை. எப்படி எடுப்பது என்பது எக்ஸ்ரேயைப் பொறுத்தது. ஒரு வகையில் வேர் எலும்பிலிருந்து தனியாகவே தெரியும், அப்போது வேரோடு முழுப்பல்லையும் எடுக்க வேண்டும். இன்னொரு வகையில் வேர் கரைந்து தாடை எலும்போடு எலும்பாக மாறிப்போயிருக்கும். தோண்டி எடுக்க வேரே இருக்காது, மேல்பகுதியை மட்டும் வெட்டி ஈறைத் தைத்துவிடுவார்கள். பல்லுக்கான எக்ஸ்ரே எடுக்காமல் இவை இரண்டையும் பிரித்தறிய முடியாது. மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது “பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வசதி இருக்கிறதா?” என்று முதலில் கேட்பது இதனால்தான் முக்கியம்.

வாய் முழுவதும் வெந்துபோகும் நோய்

இன்னொரு நோய் இருக்கிறது. எண்ணிக்கையில் குறைவு, வேதனையில் அதிகம். ஈறு மட்டுமல்லாமல் வாயின் பின்பக்கம், தாடைகள் சேரும் இடம், தொண்டை வாசல் வரை ரத்தச் சிவப்பாகப் புண்ணாகிவிடும். தன் பல்லின் மேல் படியும் கிருமிப் படலத்தைக்கூடத் தாங்க முடியாமல் உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிப் பொங்குவதுதான் இங்கே நடப்பது. கலிசிவைரஸ் என்ற கிருமிக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் இது அதிகம் வருகிறது. பூனைகளுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் கலிசிவைரஸுக்கான பகுதியும் இருக்கிறது. நோயைக் கண்டதும் பூனை எய்ட்ஸ் வைரஸ், பூனை ரத்தப்புற்று வைரஸ் ஆகியவற்றுக்கும் சோதனை செய்யச் சொல்வார்கள். அவை மனிதர்களுக்குத் தொற்றாது.

எனக்குத் தெரிந்த ஒரு பூனை. எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மழையில் நனைந்து வந்த குட்டியை எடுத்து வளர்த்தது. மூன்றாவது வயதில் அது சாப்பாட்டுத் தட்டுக்கு ஓடி வரும், முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் எடுத்ததும் அலறிக்கொண்டு பின்னால் குதிக்கும். தட்டைப் பார்த்தே சீறும். தட்டுதான் தன்னைக் கடித்தது என்று அது நினைத்தது போலிருக்கும். தாடையிலிருந்து கம்பியாக எச்சில் தொங்கும், முன்கால்களின் உள்பக்க ரோமம் எச்சிலில் ஊறிப் பழுப்பேறிச் சிக்குப் பிடித்திருந்தது. ஊசி போட்டால் மூன்று வாரம் நன்றாக இருக்கும், பிறகு திரும்பிவிடும். கடைசியில் பின்பற்கள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். “பல்லையெல்லாம் புடுங்கிட்டா அது எப்படிங்க உயிரோட இருக்கும்?” என்று அந்த அக்கா மருத்துவரிடம் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பூனை இப்போது கடை வாசலில் மத்தி மீனைத் தலையோடு தின்கிறது.

எல்லாப் பூனைக்கும் இவ்வளவு நல்லபடியாக முடியும் என்று சொல்ல முடியாது. எல்லாப் பற்களையும், அல்லது பின்பற்கள் அனைத்தையும் எடுத்த பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முழுதாகவோ பெருமளவிலோ தேறுகின்றன. அதற்கும் சில மாதங்கள் ஆகலாம். மீதமுள்ளவற்றுக்குத் தொடர்ந்து மருந்து தேவைப்படும். வெறும் ஸ்டீராய்டு ஊசியை மட்டுமே மாதாமாதம் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது, என் பார்வையில், பூனைக்குச் செய்யும் உதவி ஆகாது. அந்த ஊசியே நாளடைவில் நீரிழிவைக் கொண்டுவரக்கூடும்.

வேறு காரணங்களும் உண்டு

மாடியிலிருந்து விழும் பூனைகளுக்குக் கோரைப்பல் உடைவது சாதாரணம். பூனையின் கோரைப்பல்லில் உயிருள்ள பகுதி நுனிக்கு மிக அருகே வரை வந்திருக்கும். கடுகளவு நுனி போனாலும் உள்ளே கிருமி போக வழி கிடைத்துவிடும். வெளியே பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும், ஆறு மாதம் கழித்து முகம் வீங்கும். வயதான பூனைக்கு வாயின் ஒரு பக்கம் மட்டும் வீங்கி அங்கே பல் ஆடினால் தாமதிக்கவே கூடாது. அது புற்றாக இருக்கலாம். மூச்சில் சிறுநீர் வாடை அடித்தால் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும்.

திடீரென்று வாயைக் காலால் பிராண்டிக்கொண்டு ஓடினால் மேல் அண்ணத்தில் மீன் முள்ளோ எலும்புத் துண்டோ குறுக்கே மாட்டியிருக்கலாம். பூக்கட்டும் வீடுகளில் இன்னொரு ஆபத்து நூல். நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு மறுமுனை வயிற்றுக்குள் போயிருக்கும். வெளியே தெரிகிறதே என்று பிடித்து இழுத்துவிடாதீர்கள், குடல் அறுந்துபோகும். அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வலியை எப்படிக் கண்டுபிடிப்பது

“நல்லாத்தானே சாப்பிடுது” என்பதுதான் எல்லோரும் சொல்வது. பல்வலியோடும் பூனை சாப்பிடும். பசி வலியைவிடப் பெரியது, பூனைக்கு வலியை மறைப்பது இயல்பு. ஆகவே சாப்பிடுகிறதா என்பதை விட்டுவிட்டு, எப்படிச் சாப்பிடுகிறது என்று ஒரு பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து பாருங்கள். எப்போதும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்க்கிறதா? உலர் உணவில் ஒரு மணியை வாயில் எடுத்து, இரண்டு முறை கடித்து, கீழே நழுவவிட்டு, மறுபடி எடுக்கிறதா? தட்டைச் சுற்றி நிறையத் துணுக்குகள் சிந்திக் கிடக்கின்றனவா? முன்பு கறுக்மொறுக்கென்று தின்ற உணவை இப்போது சத்தமில்லாமல் விழுங்குகிறதா?

சாப்பாட்டைத் தாண்டியும் தடயம் இருக்கும். முதுகு ரோமம் சிக்குப் பிடித்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், நக்கிச் சுத்தம் செய்வதை அது குறைத்துக்கொண்டது என்று பொருள். வாய்நாற்றம், வாய் ஓரத்தில் எச்சில், கன்னத்தைத் தடவினால் தலையைத் திருப்பிக்கொள்வது, கட்டிலுக்கு அடியில் அதிக நேரம் படுத்திருப்பது, கொட்டாவி விட்டபின் அடிக்கடி நாக்கைச் சுழற்றுவது. பூனையின் வாய் மீன் சாப்பிட்ட சற்று நேரத்துக்கு மீன் வாடை அடிக்கும், அது போய்விடும். எப்போதும் அழுகிய வாடை வந்தால் அது நோய்தான். பல் எடுத்தபிறகு பலர் சொல்வார்கள், “இது இவ்வளவு விளையாடும்னு எங்களுக்கே தெரியாது” என்று. மந்தமாக இருந்ததை வயது என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு பூனை இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடாமல் இருந்தால் அது அவசர நிலை. பட்டினி கிடக்கும் பூனைக்கு, முக்கியமாகக் குண்டான பூனைக்கு, உடல் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கைவைத்தியம் வேண்டாம்

இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். நம் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனைக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு நீலம் பாரித்து, முகம் வீங்கிப் பூனை இறந்துபோகும். குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பும் பெரும்பாலும் இதே மருந்துதான். இபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் ஆகியவையும் விஷம். நம் வீடுகளில் பல்வலி என்றாலே நினைவுக்கு வரும் கிராம்பு எண்ணெய் பூனைக்கு ஆகாது, அதே கல்லீரல் காரணத்தால். மனிதர்களின் பற்பசையும் வேண்டாம். நமக்குத் துப்பத் தெரியும், பூனை விழுங்கும்.

காரையை நகத்தாலோ கருவியாலோ வீட்டில் சுரண்டுவதும் கூடாது. மயக்கம் கொடுக்காமலே பல் சுத்தம் செய்து தருகிறோம் என்று சொல்லும் அழகு நிலையங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி உட்பட இத்துறையின் அமைப்புகள் அதை எதிர்க்கின்றன. விழித்திருக்கும் பூனையின் ஈறுக்கு அடியில் கருவியை விட முடியாது, எக்ஸ்ரேயும் எடுக்க முடியாது. வெளியே வெள்ளையாகிவிடும், நோய் உள்ளே அப்படியே இருக்கும்.

மயக்க மருந்தைப் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு, அது இயல்பு. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, அதற்கேற்ப மருந்தின் அளவை அமைப்பார்கள். மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்துவது மயக்கத்தைச் சீராக வைப்பதற்கு மட்டுமல்ல, கழுவும் தண்ணீரும் காரைத் துகளும் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பதற்கும் சேர்த்துத்தான். மேல் பெரிய முன்கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள் உண்டு. அதை அப்படியே பிடுங்க முடியாது, மூன்றாக அறுத்து ஒவ்வொரு வேராகத் தளர்த்தி எடுப்பார்கள். பொறுமை வேண்டிய வேலை. வாயைப் பெரிதாக விரித்து வைக்கும் ஸ்பிரிங் கருவிகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பூனையின் பார்வையே போகக்கூடும். ஆகவே பூனைகளுக்குப் பல் சிகிச்சை செய்து பழகிய மருத்துவரைத் தேடிப் போவது நல்லது.

பல் தேய்த்துப் பழக்குவது

பற்காரையைத் தடுக்கத் தினமும் தேய்ப்பதற்கு இணையான வழி வேறு இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாலும் பலன் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை என்றால் அதற்குள் படலம் காரையாகிவிடும்.

ஆனால் ஈறு ஏற்கெனவே சிவந்து நோகும் பூனைக்குத் தேய்க்கத் தொடங்காதீர்கள். முதலில் சிகிச்சை. நோகும் வாயில் பிரஷ் பட்டால் அது பிரஷ்ஷையே எதிரியாக நினைத்துவிடும், பிறகு எத்தனை மாதம் ஆனாலும் சம்மதிக்காது. குட்டிக்கும் பல் மாறும் மாதங்களில் தேய்க்காமல் வாயைத் தொட்டுப் பழக்கினால் போதும்.

பழக்குவதில் அவசரம் கூடாது. பூனை அரைத்தூக்கத்தில் மடியில் இருக்கும் நேரம் நல்லது. முதலில் கன்னத்தைச் சொறிந்தபடி உதட்டை ஒரு கணம் தூக்கி விட்டுவிடுங்கள், உடனே அதற்குப் பிடித்த தீனி ஒரு துணுக்கு. அது பழகியபின், விரலில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் கோழி வேகவைத்த தண்ணீரில் தொட்டு, மேல் கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு தடவல். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் இரண்டு பல். அதன் பிறகுதான் பிரஷ். குழந்தைகளுக்கான மிகச் சிறிய, மிருதுவான பிரஷ் போதும். பூனைகளுக்கென்று விற்கும் பற்பசை கோழி, மீன் சுவைகளில் வருகிறது. பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து மெல்லச் சுழற்றினால் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து விநாடி ஆகும். உள்பக்கத்தைச் சொரசொரப்பான நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். வாயைத் திறந்து போராட வேண்டாம். பூனை எழுந்து போனால் விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். சாதாரண உலர் உணவில் பல் பட்டதும் அது நொறுங்கிவிடும், ஈறு வரை உரசாது. பல் நலத்துக்கென்று பெரிய மணிகளாக, உடையாமல் பல் உள்ளே இறங்கும்படி செய்யப்படும் உணவுகள் தனி. அவற்றில் எது உண்மையில் பலன் தருகிறது என்று பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. 1997 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கால்நடை வாய்நலக் குழு, சோதனை முடிவுகளைப் பார்த்துத் தேறிய பொருட்களுக்கு மட்டும் தன் முத்திரையைத் தருகிறது. தண்ணீரில் கலக்கும் மருந்து, கடிக்கும் தீனி எதை வாங்கினாலும் பாக்கெட்டில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பால்சோறும் தயிர்சாதமுமாக வளரும் பூனைக்குப் பல்லுக்கு முன் வேறு குறைகளே வந்துவிடும், இறைச்சியும் மீனும் அதற்குக் கட்டாயம். பெரிய எலும்பைக் கடிக்கக் கொடுத்தால் பல் சுத்தமாகும் என்பதற்கும் மேலாகப் பல் உடையும் ஆபத்து இருக்கிறது.

பல் எடுத்த பிறகு

பெரும்பாலான பூனைகள் அன்று மாலையோ மறுநாளோ சாப்பிடத் தொடங்கிவிடும். தையல் ஆறும் வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், மிருதுவான உணவு மட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மருந்தைப் பூனை நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். உணவை லேசாக வெதுவெதுப்பாக்கினால் வாசனை தூக்கும், தயங்கும் பூனையும் தட்டுக்கு வரும். மீன் கொடுப்பதானால் முள் நீக்கிப் பிசைந்து கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து உலர் உணவு வைத்தால் சில பூனைகள் பல் இல்லாமலே அதை முழுசு முழுசாக விழுங்கத் தொடங்கும். அதுவும் சரிதான். கோரைப்பல் போன பூனைக்கு நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கலாம், மேல் உதடு உள்ளே மடங்கிக் கீழ்ப்பல்லில் உரசலாம். உதட்டில் புண் தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு பல்லில் கரைதல் நோய் வந்த பூனைக்கு மற்றொரு பல்லிலும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை தடுப்பூசிக்குப் போகும்போதே வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். வயதான பூனை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் மாதம் ஒருநாள், மேல் உதடு இரண்டு பக்கமும், கீழ் உதடு இரண்டு பக்கமும் தூக்கி, முடிந்தால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன மாதப் படத்தோடு ஒப்பிட்டால் புதிதாக வந்த சிவப்புப் பொட்டு கண்ணில் படும், மருத்துவரிடம் காட்டவும் உதவும்.